கர்ப்பகால “ஈஸ்ட்ரோஜன் பேக்கேஜ்”: 5,400 ரூபாய் போச்சு, பெங்களூரு மக்களே கவனம்

நேற்று ராத்திரி மூன்றாவது தடவையாக “உங்கள் புகார் முடிக்கப்பட்டது” என்று மெசேஜ் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு ஆப். தம்பி மனைவிக்கு 16-வது வாரம். டாக்டர் எழுதிக் கொடுத்தது குவாட்ரபிள் மார்க்கர், அதாவது குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற பிறவிக் குறைபாட்டின் ரிஸ்க் இருக்கிறதா என்று தாயின் ரத்தத்தில் நாலு பொருள்களை அளந்து பார்க்கும் டெஸ்ட். ஆப்பில் இருந்தது “கர்ப்பகால ஈஸ்ட்ரோஜன் பேக்கேஜ், 4 மார்க்கர்”, 5,400 ரூபாய். ஒயிட்ஃபீல்டுக்குக் காலை பத்தேகாலுக்கு வந்த பையன் கிருஷ்ணகிரிக்காரன். சீட்டைக் காட்டினோம். “அக்கா, டாக்டர் எழுதினதேதான், நாலும் இதுலயே வந்துடும்” என்றான். நம்ம ஊர்ப் பையன் தமிழில் சொல்கிறானே என்று பில்லையும் சீட்டையும் வரிக்கு வரி ஒத்துப் பார்க்காமல் விட்டோம்.

குவாட்ரபிள் மார்க்கரில் வர வேண்டியவை ஏஎஃப்பி, ஹெச்சிஜி, இன்ஹிபின்-ஏ, பிறகு அன்கான்ஜுகேட்டட் (வேறு பொருளோடு ஒட்டாத) எஸ்ட்ரியால். இந்த எஸ்ட்ரியால்தான் இந்த டெஸ்டில் பார்க்கிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். குழந்தையின் அட்ரினல், கல்லீரல், அப்புறம் நஞ்சுக்கொடி மூன்றும் சேர்ந்து உண்டாக்குவது. அதனால்தான் குழந்தையைப் பற்றி அது ஏதாவது சொல்லும். ரிப்போர்ட்டில் வந்ததோ எஸ்ட்ரடையால் (இது வேறொரு ஈஸ்ட்ரோஜன்), புரோஜெஸ்டிரோன், தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்ஹெச், ஹெச்சிஜி. கணக்குக்கு நாலு! எஸ்ட்ரடையால் 4,310 பிகோகிராம் என்று போட்டு, பக்கத்தில் சிவப்பில் “அதிகம்”. ஒப்பிட்டிருந்த அளவு மாதவிடாய்ச் சுழற்சிக்கு உரியது. 16 வாரத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பது இயல்பு. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்து அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

சரியான டெஸ்டையே போட்டிருந்தாலும் இவர்கள் எடுத்த விதத்தில் அது வீண்தான். ஐஸ் பேக் உருகித் தண்ணீராகக் கிடந்த பையில் டியூபைப் போட்டான். லேபுக்குப் போய்ச் சேர்ந்தது மாலை 5.40, ஆப்பே காட்டுகிறது. ரத்தத்திலிருந்து சீரம் (தெளிந்த நீர்ப்பகுதி) பிரிக்காமல் வெக்கையில் கிடந்தால், வேறு பொருளோடு ஒட்டியிருக்கும் எஸ்ட்ரியால் பிரிந்து, அளவு பொய்யாக ஏறும். குறைவாக இருப்பதுதான் இந்த டெஸ்டில் எச்சரிக்கை. ஏறினால் அது மறைந்துபோகும்.

ஃபாரத்தில் எடை, ஸ்கேன் தேதி, சர்க்கரை, ஐவிஎஃப், இரட்டையா என்கிற கட்டங்கள் எல்லாம் காலி. இந்த வாரங்களில் எஸ்ட்ரியால் ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய கால்வாசி கூடும். மெய்யாக 15 வாரம் ஆன குழந்தையை 16 என்று எழுதினால் எஸ்ட்ரியாலும் ஏஎஃப்பியும் குறைவாக, ஹெச்சிஜி கூடுதலாகத் தெரியும். நல்ல குழந்தைக்கும் டவுன் சிண்ட்ரோம் ரிஸ்க் என்று வந்துவிடும்.

5,400 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு முதல் பதில், “48 மணி நேரத்தில் அழைப்போம் மேடம்”. அழைக்கவில்லை. அடுத்து, “சாம்பிள் பிராசஸ் ஆயிடுச்சு, ரீஃபண்ட் கிடையாது”. மூன்றாவது ஆள், “ரிப்போர்ட்டை உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, ரிப்பீட் பண்ணா 20 சதவீதம் தள்ளுபடி தர்றோம்” என்றான். இதிலேயே 9 நாள் போய்விட்டது. 15 முதல் 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய டெஸ்ட் இது. ஆஸ்பத்திரி லேபிலேயே மறுபடி கொடுத்தாயிற்று, அதற்குத் தனிச் செலவு.

எப்படித் தேர்வு செய்வது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. பில்லில் “எஸ்ட்ரியால்” என்ற சொல் இருக்கிறதா பாருங்கள், “ஈஸ்ட்ரோஜன்” என்று மட்டும் இருந்தால் வேண்டாம். ஸ்கேன் தேதியும் எடையும் கேட்காதவனிடம் கை நீட்டாதீர்கள். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள், சில மெஷின்களில் ரிசல்ட் தப்பும். ரிப்போர்ட்டில் ஒவ்வொன்றுக்கும் ‘எம்ஓஎம்’ எண் (அதே வாரக் கர்ப்பத்தின் நடு அளவைப் போல் எத்தனை மடங்கு என்பது) இருக்க வேண்டும். ரிஸ்க் அதிகம் என்று வந்தாலும் அது ஸ்கிரீனிங்தான், முடிவு அல்ல.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல் இன்று காலை பதிந்தேன். சீட்டு, பில், 5.40 மணி ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்திருக்கிறேன். 5,400 இன்னும் வரவில்லை.