ஃபேன் ஓடுது, டிஸ்பிளே வரலையா? ‘போர்டு போச்சு’ என்றதும் கம்ப்யூட்டரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

வீட்டு கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். திருச்சியில் ஒரு கடையில் எனக்கு நடந்தது இது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் ஏமாற்றிய விதம் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. அது தெரிந்தால் போதும், நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

நான் வீட்டிலிருந்தபடி சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மளிகைக்கடை, பெயின்ட் கடை, ஒரு மருந்துக்கடை. டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் என்ட்ரி போடுவது, மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது, இதுதான் வேலை. கம்ப்யூட்டர் 2021-ல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாமான் வாங்கித் தம்பி அசெம்பிள் செய்து கொடுத்தது. பத்தாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம் (தற்காலிக நினைவக அட்டை) இரண்டு, ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்காக ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி. அடைமழை நேரத்தில் ஒரு காலை பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டர்னைப் போட்டாக வேண்டும். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம் கடைக்காரர் தலையில் விழும். தம்பி வெளியூரில் இருந்தான். பக்கத்தில் இருந்த கடைக்கு ஆட்டோவில் எடுத்துப் போனேன்.

கடைப் பையன் ஒரு முறை ஆன் செய்து பார்த்தான். பக்கவாட்டு மூடியைக்கூடக் கழற்றவில்லை. “போர்டு போச்சுக்கா. சிப் லெவல்ல பாக்கணும், வச்சிட்டுப் போங்க. பாஸ்வேர்டு எழுதிக் குடுத்துடுங்க” என்றான். போர்டு என்றால் எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் மதர்போர்டு. சிப் லெவல் என்றால் அதிலுள்ள சில்லுகள் வரை இறங்கி ரிப்பேர் செய்வது. அப்புறம் ஓனர் போன் செய்தார். போர்டு சரி செய்தாயிற்று, விண்டோஸும் கெட்டுப்போயிருந்ததால் ஃபார்மேட் போட்டு ஏற்றியாயிற்று, மொத்தம் 6,500 ரூபாய் என்றார். ஃபார்மேட் போடலாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் ‘சர்வீஸ் 6500’ என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, தேதிகூட இல்லை.

டேலி பிரைம், நாம் வேறு இடம் சொல்லாவிட்டால், டேட்டாவை சி டிரைவிலேயே வைக்கும். ஃபார்மேட் போட்டதும் அது முழுக்கப் போய்விட்டது. மாதக் கடைசியில் பென் டிரைவில் பேக்கப் எடுக்கும் வழக்கம் இருந்ததால் பழைய கணக்குகள் பிழைத்தன. அந்த மாதத்து என்ட்ரிகள் அத்தனையும் மறுபடி போட வேண்டியதாயிற்று. மருந்துக்கடை பர்ச்சேஸ் பில் எப்படி இருக்கும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பேட்ச் நம்பர், காலாவதித் தேதி என்று வரிக்கு வரி அடிக்க வேண்டும். ராத்திரி உட்கார்ந்து அடித்துத்தான் முடித்தேன். பணம் போனதைவிட இதில்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

ஏனென்றால் அந்த ஃபார்மேட்டுக்கு அவசியமே இல்லை. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டி கரன்ட் கொடுக்கும். பிறகு போர்டில் உள்ள பயாஸ் என்ற தொடக்க புரோகிராம், பிராசசரையும் ரேமையும் டிஸ்பிளேயையும் சோதிக்கும். திரையில் கம்பெனி லோகோ வரும். அதற்கப்புறம்தான் டிஸ்க்கைத் தேடி விண்டோஸைக் கூப்பிடும். லோகோவே வராத கம்ப்யூட்டரில் விண்டோஸ் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே எழாது. டிஸ்க்கை மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டாலும் நல்ல போர்டில் லோகோ வந்தே தீரும். ஆகவே ‘டிஸ்பிளே வரவில்லை’ என்ற கோளாறுக்கு ‘விண்டோஸ் போட்டேன்’ என்று ஒருவர் காசு கேட்டால் அவருக்கு வேலை தெரியவில்லை, அல்லது தெரிந்தே பொய் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகு டேலியும் பிரவுசரும் சேர்ந்து திறந்தாலே திணறியது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி என்ற இடத்தைத் திறந்து பார்த்தேன். 16 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 8. கீழே இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் என்று காட்டியது. கடைக்குப் போய்க் கேட்டால் ஓனர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “அந்த ரேம் ஷார்ட் ஆயிருந்துச்சு மேடம், அதனாலதான் போர்டே போயிருக்கு. தூக்கிப் போட்டுட்டோம்” என்றார். என் பொருளைத் தூக்கிப் போட இவர் யார்?

கொஞ்ச நாளில் அதே கோளாறு திரும்ப வந்தது. ஃபேன் ஓடுகிறது, டிஸ்பிளே இல்லை. இந்த முறை தம்பி ஊரில் இருந்தான். சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரன்டை இறக்கினான். மூடியைக் கழற்றி, இருந்த ஒரு ரேமை உருவி என் கையில் கொடுத்தான். கீழ் விளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்கள் பாதி கறுத்து மங்கிக் கிடந்தன. என் பையனின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்தான். கறுப்பு உதிர்ந்து பளிச்சென்று ஆனது. துகளைத் துடைத்துவிட்டு, இரண்டு முனையிலும் கிளிப் ‘டக்’ என்று விழும்வரை அழுத்தி மாட்டினான். ஆன் செய்ததும் லோகோ வந்துவிட்டது.

அப்புறம் அவன் போர்டைக் காட்டினான். பரணில் இருந்த போர்டின் அட்டைப் பெட்டியை இறக்கி, அதிலிருந்த சீரியல் எண்ணையும் போர்டில் ஒட்டியிருந்ததையும் ஒப்பிட்டோம். ஒன்றுதான். சரி, அதே போர்டைத்தான் ரிப்பேர் செய்தார்களோ என்றால் அதுவும் இல்லை. சிப் லெவல் வேலைக்கு போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். இங்கே போர்டு ஸ்க்ரூக்களின் தலைமேல் பழைய தூசி கலையாமல் படிந்திருந்தது. பிராசசர் மேலிருந்த கூலரைத் தூக்கினால் கம்பெனியிலிருந்து வந்த சாம்பல் நிறப் பேஸ்ட்டே காய்ந்து ஒட்டியிருந்தது. போர்டில் யாரும் கை வைக்கவில்லை. ஒரு ரேமைத் துடைத்து மாட்டியிருக்கிறார்கள், இன்னொன்றை எடுத்துக்கொண்டார்கள், கேட்காமல் டிஸ்க்கை அழித்திருக்கிறார்கள். அதற்கு 6,500 ரூபாய்.

எல்லாக் கடையும் இப்படி இல்லை. போர்டு நிஜமாகவே போவதும் உண்டு. கெபாசிட்டர் தலை உப்பியிருக்கும், கருகிய வாடை அடிக்கும், நல்ல ரேமும் நல்ல எஸ்எம்பிஎஸும் மாற்றிப் போட்டும் உயிர் வராது. ஒழுங்கான மெக்கானிக் இதை உங்கள் கண் முன்னால் மாற்றிப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் ‘போர்டு’ என்ற வார்த்தையையே எடுப்பார்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே இவ்வளவு பார்த்துவிடுங்கள். மானிட்டர் வயர் இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா? தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வயர் அதில்தான் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. பென் டிரைவ், பிரின்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்து பாருங்கள். ரேம் இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாக, ஸ்லாட் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் வயரைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் இறங்கிவிடும். இப்போதைய போர்டுகள் பலவற்றில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று எழுதிய குட்டி விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ கோளாறு அந்தப் பக்கம். ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் பின்னால் போய்விட்டால் போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், நாமே மாற்றிவிடலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே ஆளை அடிக்கும் அளவுக்குக் கரன்ட் நிற்கும்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சாட்டா டிஸ்க் என்றால் இரண்டு வயர், எம்.2 என்றால் ஒரு குட்டி ஸ்க்ரூ, அவ்வளவுதான். லோகோ வராத கோளாறைப் பார்க்க அவர்களுக்கு அது தேவையில்லை, பாஸ்வேர்டும் தேவையில்லை. அந்த டிஸ்க்கில்தான் உங்கள் ஆதார் ஸ்கேனும் பேங்க் ஸ்டேட்மென்டும் குழந்தைகளின் போட்டோவும் இருக்கின்றன. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லாகின் செய்பவர்கள், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி எண்ணை அந்தக் கணக்கில் பார்த்து முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போர்டு மாறினால் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கும். ரேம், போர்டு இரண்டின் சீரியல் எண் தெரியும்படி, கடைக்காரர் பார்க்கவே போட்டோ எடுங்கள். கழற்றிய பழைய பொருள் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அந்தப் புகார் எண்ணைக் காட்டிய பிறகுதான் ஓனர் வேறு ஏதோ கம்பெனியின் 8 ஜிபி ரேம் ஒன்றை எடுத்து நீட்டினார். என்னுடையது அல்ல என்பதால் வாங்கவில்லை. பணம் பற்றிப் பேச்சே இல்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய யுபிஐ ரசீது, பெட்டியின் சீரியல் எண், தூசி படிந்த ஸ்க்ரூவின் போட்டோ எல்லாவற்றையும் இணைக்கிறேன். திருச்சியில் இதே மாதிரி ‘போர்டு போச்சு’ என்று பணம் கொடுத்து, பில் இல்லாமல் வந்தவர்கள் இருந்தால் யுபிஐ ரசீதை அழிக்காமல் வைத்திருங்கள். மனு போட அதுவும் ஒரு ஆதாரம்.