பெயரைச் சரிபார்ப்பதா, கையொப்பத்தைச் சரிபார்ப்பதா?

மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982-இல் வரையறுக்கப்பட்டபோது, அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் போட முடியும் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குப்பை அஞ்சல் (ஸ்பாம்) பெருகிய பிறகு அந்த ஓட்டையை அடைக்க இரண்டு வழிகள் முளைத்தன. ஒன்று, டொமைன் பெயரை, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரை, கொடுக்கும்போதே வாங்குபவரை விசாரித்துக் கொடுப்பது. இன்னொன்று, பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கட்டும் என்று விட்டுவிட்டு, அந்தப் பெயரில் வரும் ஒவ்வொரு அஞ்சலும் உரியவரிடமிருந்துதான் வந்ததா என்று பார்ப்பது.

முதல் வழிக்குத் துணிச்சலான முயற்சி 2004-இல் நடந்தது. ஸ்பாம் எதிர்ப்பு அமைப்பான ஸ்பாம்ஹவுஸ் முன்வைத்த டாட் மெயில் (.mail) திட்டம் அது. ஏற்கெனவே சொந்த டொமைன் வைத்திருப்பவர், அதன் வாலில் டாட் மெயிலைச் சேர்த்து, விசாரணைக்குப் பிறகு பதிந்துகொள்ளலாம். ஸ்பாம் அனுப்பினால் பெயர் போய்விடும். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு ஒப்புதல் தரவில்லை. புதிய பெயர் வால்களுக்கு 2012-இல் நடந்த விண்ணப்பச் சுற்றில் வேறு சிலர் அதே பெயருக்கு விண்ணப்பித்தார்கள். பல நிறுவனங்களின் உள்வலைகளில் அந்தப் பெயர் முன்பே புழங்குவதால் மோதல் வரும் என்று, 2018-இல் ஐகேன் அதைக் கைவிட்டது. வந்திருந்தாலும் பெரிதாக எடுபட்டிருக்காது என்பதே என் கணிப்பு. டாட் மெயில் இல்லாத அஞ்சலையெல்லாம் தள்ளிவிட எந்த மின்னஞ்சல் சேவைக்கும் துணிவு வராது. தள்ளாதவரை அந்தச் சான்றுக்குக் காசு கொடுக்க யார் வருவார்கள்?

இரண்டாவது வழிதான் நிலைத்தது. அதில் மூன்று அடுக்குகள். எஸ்பிஎஃப் என்பது 'எங்கள் அஞ்சல் இந்த சர்வர்களிலிருந்துதான் வரும்' என்று டொமைன்களின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கும் பட்டியல். மலிவு, எளிது, ஆனால் அஞ்சல் தானாக வேறு முகவரிக்கு ஃபார்வேர்டு ஆனாலே பெரும்பாலும் உடையும். அது பார்ப்பதும் நம் கண்ணில் படும் முகவரியை அல்ல, பின்னால் ஒளிந்திருக்கும் உறை முகவரியை. டிகிம் இதைவிட உறுதியானது. யாஹூவின் டொமைன்கீஸும் சிஸ்கோவின் முறையும் இணைந்து 2007-இல் தரநிலையாக வந்தது. அனுப்பும் சர்வர் ரகசியச் சாவியால் கையொப்பம் இடும், பெறும் சர்வர் டிஎன்எஸ்ஸில் உள்ள பொதுச் சாவியால் சோதிக்கும். உள்ளடக்கம் மாறாதவரை எத்தனை கை மாறினாலும் செல்லும். இந்த இரண்டில் ஒன்றாவது, நாம் பார்க்கும் முகவரியின் டொமைனோடு பொருந்தவேண்டும் என்று கேட்பது டிமார்க். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் டொமைன்காரரே அதில் சொல்லலாம்: சும்மா விடு, ஸ்பாமில் போடு, திருப்பி அனுப்பு.

இந்த மூன்றும் மோசடிக்காரருக்கும் திறந்தே இருக்கின்றன என்பதுதான் சிக்கல். உங்கள் வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒருவர் புது டொமைன் வாங்குகிறார். மூன்றையும் ஒழுங்காக அமைக்கிறார். அந்த அஞ்சலை ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' போட்டுப் பாருங்கள். எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் பாஸ். பொய்யே இல்லை, அந்த டொமைன் அனுப்பியதுதான்.

இங்கேதான் பழைய யோசனைக்கு மறுபடி வேலை வருகிறது. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் வங்கிகளுக்கு மட்டுமான டாட் பேங்க் டாட் இன் (.bank.in) திட்டத்தை அறிவித்து, வங்கிகள் அக்டோபர் 31-க்குள் மாறவேண்டும் என்றது. பதிவு செய்யும் உரிமை ஹைதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப நிறுவனமான ஐடிஆர்பிடிக்கு மட்டும். எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன் போன்ற ஒரு பெயரை வெளியாள் காசு கொடுத்தும் வாங்க முடியாது. டாட் மெயிலுக்கு வாய்க்காதது இதற்கு வாய்த்தது: உறுப்பினர் யார் யார் என்று முன்பே தெரியும், உரிமம் தருபவரும் ஒருவரே. ஆனால் விசாரித்துக் கொடுத்த பெயரையும் அனுப்புநர் இடத்தில் போலியாக எழுதலாம், எஸ்எம்டிபி தடுக்காது. டிமார்க்கில் 'ரிஜெக்ட்' (திருப்பி அனுப்பு) போடாத வங்கிக்கு இந்த முகவரி பாதிக் காவல்தான்.

சாதாரண கடைக்கோ நிறுவனத்துக்கோ அந்த மூடிய வட்டம் கிடையாது. அவர்களுக்கு என் பரிந்துரை: டிகிமை முதலில் சரிசெய்யுங்கள், டிமார்க்கை 'நன்' (none, அதாவது சும்மா விடு) என்று வைத்து வரும் அறிக்கைகளைப் படியுங்கள். பில் அனுப்பும் மென்பொருள், பழைய வெப்சைட் ஃபார்ம் என்று உங்கள் பெயரில் அனுப்பும் மறந்துபோன சர்வர்களெல்லாம் அதில் தலைகாட்டும். பிறகு படிப்படியாக இறுக்குங்கள். எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' வேண்டாம். யாஹூ 2014 ஏப்ரலில் தன் பயனர் முகவரிகளுக்கு அப்படிச் செய்தபோது, உலகெங்கும் மடற்குழுக்களில் யாஹூ பயனர்களின் அஞ்சல்கள் திரும்பி வந்தன.

விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற கட்டமும் பெரிய அளவில் அனுப்புவோருக்கு முடிந்துவிட்டது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றுமே கட்டாயம். அதே விதிகளில் இன்னும் இரண்டு உண்டு: விளம்பர அஞ்சலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பாம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. என்றோ ஒரு சட்டை வாங்கியதற்காக வாராவாரம் வந்து விழும் தள்ளுபடி அஞ்சலில் பெயரும் அசல், கையொப்பமும் அசல். அதற்குக் கடிவாளம் போடுவது அந்த 0.3 சதவீதம்தான்.