ஓகுஸ்டிம்: விழித்திரையைத் தூண்டும் மின்சட்டம்

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரை விழித்திரைச் சிதைவுக்காக ஜெர்மனியின் ஓகுவிஷன் நிறுவனம் உருவாக்கிய ஓகுஸ்டிம், பார்ப்பதற்கு மூக்குக்கண்ணாடிச் சட்டம் போன்றதுதான். ஆனால் வில்லை இருக்க வேண்டிய இடத்தில் மயிரிழை போன்ற மின்முனை நூல் ஒன்று குறுக்கே ஓடி, கண்ணின் கீழ்ப்பகுதியை மெல்லத் தொட்டு நிற்கிறது. வாரம் ஒருமுறை, வீட்டில் அமர்ந்தபடியே, 30 நிமிடம் இந்த நூல்வழியே மெல்லிய மின்னோட்டம் செலுத்தி விழித்திரையைத் தூண்ட வேண்டும். கண்ணுக்குள் ஒளிமினுக்கம் தோன்றும் மிகக் குறைந்த மின்னளவை மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அளந்து, அதற்கேற்பத் தூண்டலை அமைத்துத் தருவதே இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

பலன் குறித்து நிதானம் தேவை. 24 பேரிடம் 6 வாரம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், கூடுதல் மின்னளவு பெற்றவர்களின் பார்வைப்புலம், அதாவது கண்ணை அசைக்காமல் காணக்கூடிய பரப்பு, விரிந்தது. 52 பேரிடம் ஓராண்டு நடந்து 2017இல் வெளியான ஆய்வோ பாதுகாப்பை உறுதிசெய்தாலும், பார்வைப்புலத்தில் அத்தகைய திட்டவட்டமான வேறுபாட்டைக் காட்டவில்லை. எஞ்சிய செல்களின் சிதைவை மெதுவாக்குவதே நோக்கம் என்பதால், இழந்த பார்வை திரும்பும் என்று யாரேனும் சொன்னால், தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். கண் வறட்சி பலருக்கு வருகிறது. அதற்குப் பெரும்பாலும் செயற்கைக் கண்ணீர்த் துளிகளே போதும். ஒவ்வொரு முறையும் புதிய நூல் வேண்டியிருப்பதால், வாங்கியபின்னும் செலவு தொடரும்.