உப்புத் தண்ணீர் என்று சொல்லி விற்ற பொடி: மட்டக்களப்புப் பெற்றோர் கவனத்துக்கு

என் மகனுக்குப் பதினைந்து வயது. மாகாண மட்ட 1500 மீற்றர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறான். வெபர் மைதானத்து வெயிலில் ஓடுகிற பிள்ளை, வியர்த்துக் களைத்தால் குடிக்க என்ன கொடுக்கலாம் என்று நகரில் உடற்பயிற்சிச் சாமான் விற்கும் கடையொன்றில் கேட்டேன். "இது வெறும் உப்புச்சத்துத்தான் ஐயா, சின்னப் பிள்ளைகளும் குடிக்கலாம்" என்று கடைக்காரர் கூசாமல் ஒரு டின்னை எடுத்து வைத்தார். விலை 12,000 ரூபாய்.

குடித்த அன்று மாலையே பிள்ளை பாதி ஓட்டத்தில் நின்று புல்லில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு படபடக்கிறது என்றான். கையை நீட்டச் சொன்னேன், விரல்கள் நடுங்கின. நள்ளிரவு தாண்டியும் தூக்கமில்லை. மறுநாள் வைத்தியர் டின்னை வாங்கி, விலைச் சீட்டை நகத்தால் மெல்ல உரித்தார். அதன் அடியில் இருந்தது: ஒரு கரண்டிக்குக் கஃபீன் (தேநீரிலும் கோப்பியிலும் உள்ள ஊக்கி) 200 மில்லிகிராம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் பாவிக்கக்கூடாது என்ற வரியும் அங்கேதான் ஒளிந்திருந்தது. விலை ஒட்ட வேறு இடமா கிடைக்கவில்லை?

பாரம் தூக்கும் வளர்ந்தவர்கள் பயிற்சிக்கு முன் குடிக்கிற பொடியாம் அது. பிள்ளைகளுக்கு ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015இல் சொன்ன அளவு. 48 கிலோ பிள்ளைக்கு 144. ஒரே கரண்டியில் தாண்டியாயிற்று. வீட்டில் குடிக்கும் தேநீர் வேறு.

டின்னோடு கடைக்குப் போனேன். உடைத்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டாராம். வேண்டுமென்றால் புரதப் பொடியொன்றைக் கழிவு விலையில் தருவாராம்! அந்த டப்பாவில் இறக்குமதியாளர் பெயரே இல்லை. காலாவதித் திகதியின் மேல் இன்னொரு திகதி அச்சாகியிருந்தது. இப்படியான பொடிகளில் தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்து ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்டால், தெரியாமல் குடித்தேன் என்று சொல்லி வீரர் தப்ப முடியாது. கடைக்காரருக்கு அந்தக் கவலை ஏன்?

வைத்தியர் சொன்னதற்குச் செலவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயிற்சிக்குத் தண்ணீர் போதும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது என்று கணக்கு. வெயிலில் நெடுநேரம் ஓடினால் உப்பும் வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஆகவே உப்புப் போட்ட கஞ்சியும் குடிக்கட்டும் என்றார். புரதத்துக்கு மீன், முட்டை, பயறு, நம்மூர் எருமைத் தயிர் இருக்கின்றன.

வற்புறுத்தி வாங்கிய பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். தொலைபேசியில் சொல்ல 1977. இப்படி விலைச் சீட்டு ஒட்டிய டின் உங்கள் வீட்டிலும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். சீட்டை உரிப்பதற்கு முன் ஒரு படம், உரித்த பின் ஒரு படம் எடுத்து வையுங்கள்.