சலவை இயந்திர டிரம்மில் ஒரு கொல்லைப்புற அடுப்பு

கும்பகோணத்தில் காயலான் கடைகளை ஒட்டியுள்ள ஒரு வெல்டிங் பட்டறையில், பழுதான சலவை இயந்திரத்தின் எவர்சில்வர் டிரம்முக்கு மூன்று கால்கள் பொருத்தி அடுப்பாக்கித் தந்தார்கள். சுற்றிலும் உள்ள துளைகள் வழியாகக் காற்று தாராளமாகப் புகுவதால், காய்ந்த தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் ஊதுகுழல் இல்லாமலே எரிகின்றன, புகையும் குறைவு. ஆனால் அனல் பக்கவாட்டில் சிதறுவதால், விறகைத் தின்பதில் மண்ணடுப்பை மிஞ்சிவிடுகிறது (மார்கழிக் குளிரில் அதைச் சுற்றி அமர்வோருக்கு அதுவே வசதி).

கால்களுக்கு ஜி.ஐ. குழாயைப் பயன்படுத்தியதுதான் குறை. அதன் துத்தநாகப் பூச்சு சுமார் 419 டிகிரி செல்சியஸில் உருகும் என்பதாலும், மேலும் சூடேறி எழும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரக்கூடும் என்பதாலும், சாதாரண இரும்புக் கம்பியாக மாற்றக் கேட்டேன். முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள். வாங்குவோர், டிரம்மிலுள்ள பிளாஸ்டிக் பாகங்களை முழுவதும் கழற்றியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளவும்.