பழைய பங்களா வாங்குகிறீர்களா? ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பழைய பங்களாவுக்கு 10 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, இப்போது அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க வக்கீல் ஆபீசுக்கு நடந்துகொண்டிருக்கிறோம். இதே மாதிரி வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு கிரவுண்டு மனை, போர்டிகோ, சிவப்பு ஆக்ஸைடு தரை, தேக்குக் கதவுகள். 1930-களில் கட்டியது என்றார் உரிமையாளர். வீடு முழுக்கப் புதுப் பெயின்ட். ஹாலிலும் படுக்கையறைகளிலும் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். “ஏசி நல்லா நிக்கணும்னு போட்டோம் சார்” என்றார். தரகரே ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினார், கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று ஒரு பக்க ரிப்போர்ட்டும் கொடுத்தார். அதை வைத்துத்தான் ஒப்பந்தம் போட்டோம்.

பத்திரப் பதிவுக்கு முன்னால், வயரிங் மாற்ற எவ்வளவு ஆகும் என்று பார்க்க எங்கள் எலக்ட்ரீஷியன் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தவர் உடனே கீழே இறங்கி, “நீங்களே ஏறிப் பாருங்க சார்” என்றார்.

அந்தக் காலத்து வீடு என்பதால் கூரை கான்கிரீட் இல்லை, மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் தேக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் சுண்ணாம்புக் கலவையில் குறுக்காகச் சாய்த்து நிறுத்திய சின்னச் செங்கற்கள், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியாகத் தட்டோடு. ஒழுங்காகப் பராமரித்தால் நூறு வருஷம் நிற்கிற கூரை அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தட்டோடு விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கினால், சுவருக்குள் புதைந்திருக்கும் சட்டத்தின் முனைதான் முதலில் அழுகும். எட்டிப் பார்த்தால் தெரியாத இடம்.

நாங்கள் பார்த்தபோது பல சட்டங்களின் முனையை விரலால் உதிர்க்க முடிந்தது. சுவரோரம் கரையான் மண் கோடு கோடாக ஏறியிருந்தது. எல்லாவற்றையும் விட எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றைப் பார்த்து. ஹால் நடுவில் தொய்ந்துபோன ஒரு சட்டத்துக்குப் புது இரும்பு ஆங்கிள் வைத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதாவது, தெரிந்தே மூடியிருக்கிறார்கள். அந்தக் கூரைக்குக் கீழே என் அம்மாவும் பிள்ளைகளும் படுத்துத் தூங்கியிருப்பார்கள்.

அப்புறம் நாங்களாகவே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துப் போனோம். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசி, பட்டி வைத்து, பெயின்ட் அடித்திருந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, அலமாரிக்குப் பின்னால் உப்புப் பூத்திருந்தது. தெருவில் ரோடு மேல் ரோடு போட்டதில் வீட்டின் தரை ரோட்டை விடத் தாழ்ந்துவிட்டது என்பதையும் அவர்தான் மட்டம் பிடித்துக் காட்டினார். வயரிங்கும் கழிவுநீர்க் குழாயும் மாற்ற வேண்டியவை. பழைய வீட்டில் அது எதிர்பார்த்ததுதான்.

பணத்தைக் கேட்டால், “பழைய வீடுன்னு தெரிஞ்சுதானே வந்தீங்க” என்கிறார் உரிமையாளர். ஒப்பந்தத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி இருக்கிறதாம். தரகர் போனையே எடுப்பதில்லை. எங்கள் வக்கீல் 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவைக் காட்டினார். சாதாரணமாகக் கவனித்தால் கண்ணில் படாத முக்கியமான குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்தால், வாங்குகிறவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். அதை வைத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். இரும்பு ஆங்கிளின் போட்டோதான் எங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம்.

நீங்கள் பார்க்கப் போகிற வீட்டில் பழைய கூரைக்குக் கீழே புது சீலிங் இருந்தால், ஒரு பலகையையாவது சுவர் ஓரமாகக் கழற்றச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அந்த வீடு வேண்டாம். இன்ஜினியருக்கு ஃபீஸ் நீங்கள் கொடுங்கள், தரகர் கூட்டி வருகிறவர் வேண்டாம். ஒரு ஸ்க்ரூடிரைவரால் சட்டத்தின் முனையைக் குத்திப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். முடிந்தால் நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். பதிவு செய்யாத உயில் அதில் வராது, அதனால் வாரிசுகள் எல்லோரையும் தனியே விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரியை அடிக்கச் சொல்லிவிட்டு, ‘வாங்குபவரின் இன்ஜினியர் கட்டடத்தில் பெரிய குறை கண்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்’ என்று தேதியோடு எழுதி வாங்குங்கள்.