பூண்டு ப்ராஜெக்ட் பேப்பர்: எடுக்கலாமா, வேண்டாமா?

கொடைக்கானலில் நான் படிக்கும் கல்லூரியில் (பெயர் வேண்டாம், டிகிரி இன்னும் கைக்கு வரவில்லை) போன செமஸ்டரில் ஒரு விருப்பப் பாடம் எடுத்தேன். பாதி வீடியோ, பாதி களத்தில் ப்ராஜெக்ட், எழுத்துத் தேர்வுக்குப் பதில் வைவா. எடுக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

புத்தம் புது முறை என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். ஆனால் அமெரிக்காவில் கில்பாட்ரிக் என்ற கல்வியாளர் 1918-லேயே ப்ராஜெக்ட் முறையைப் பற்றி எழுதிவிட்டார். 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்று ஒரு வரைவு வெளியிட்டது. அப்புறம் அது மெதுவாக மலையேறி எங்களிடமும் வந்திருக்கிறது.

முதல் நான்கு வாரம் வெறும் வீடியோ, சுத்த வேஸ்ட். மழை பெய்தால் கரண்ட் இல்லை, கரண்ட் வந்தால் டவர் இல்லை, இரண்டும் இருந்தால் தூக்கம். வருகைப் பதிவுக்காக போனில் ஓடவிட்டுவிட்டுப் பாதிப் பேர் கேண்டீனில் இருந்தோம்.

ஐந்தாவது வாரம் பக்கத்தில் பூண்டு விளையும் பூம்பாறை கிராமத்துக்குப் போனோம். ஏரியைச் சுற்றியுள்ள கடைகளில் எந்தப் பூண்டையும் மலைப்பூண்டு என்று விற்கிறார்களே, அசலை வாங்குகிறவர் எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். பிளாஸ்டிக் உறையில் புவிசார் குறியீட்டு முத்திரை (இன்ன ஊர்ப் பொருள் என்பதற்கான சட்டப்பூர்வ அடையாளம்) ஒட்டலாம் என்று அழகாக வரைந்து கொண்டுபோயிருந்தோம். ஒரு பாட்டி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டிருந்த பூண்டைக் காட்டி, "இம்புட்டு நாள் புகை போட்டுக் காயவச்சத உறைக்குள்ள போட்டு அவியவிடவா? ஏம்மா, பூண்டுக்கெல்லாமா பரீட்சை வைக்கிறாக?" என்றார். உறை அத்தோடு முடிந்தது.

முத்திரையாவது மிஞ்சுமா என்று பார்க்க, அன்று ராத்திரி 11 மணிக்கு, நான் தூங்கி வழிந்த அதே வீடியோவை நானே தேடிப்போய் இரண்டு தடவை பார்த்தேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதால் மட்டும் எந்த விவசாயியும் முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது, ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியாகப் பதிய வேண்டும் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. எனவே முத்திரையையும் விட்டோம். பூண்டைத் தண்டோடு சேர்த்துக் கட்டும் கொத்தில் ஒரு சின்ன அட்டை: எந்த ஊர், எந்த மாதம் அறுத்தது, புகையில் எத்தனை நாள். மூன்று வரி எழுத ஆறு வாரம். ஆனால் நான் கல்லூரியில் யோசித்துச் செய்த முதல் வேலை அதுதான்.

அதனால் என் பெரிய புகார் வரிசையைப் பற்றி. முதல் வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டு, முட்டி மோதித் திரும்பிய பிறகு வீடியோவைக் கொடுத்திருந்தால் யாரும் கேண்டீனுக்குப் போயிருக்க மாட்டோம். மேடத்திடம் சொன்னேன், பாடத்திட்டம் அப்படி என்றார். சரி.

மதிப்பெண் இன்னொரு கூத்து. டீமில் ஆறு பேர், பஸ் ஏறியது மூன்று பேர், இன்டர்னல் ஆறு பேருக்கும் ஒன்றே. வராத ஒருவன் வைவாவில் புகை போடுவதைப் பற்றி எங்களைவிட நன்றாகப் பேசினான், அது வேறு வயிற்றெரிச்சல்.

ஐந்துக்கு மூன்றரை. எடுங்கள், ஆனால் டீம் பிரிக்கும் அன்று லீவு போடாதீர்கள். நான் போட்டேன்.